பெர்னார்டின் வலது பக்கம்

பெர்னார்டுக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. நெஞ்சுக்கூடு நிற்கும். ஞாயிறு பூசை முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுன் தெருவில் நடந்து வரும்போது யாராவது அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். "யாரு டாடி அது?" என்று மகள் ஜோவிதா கேட்பாள்.

"பேரு தெரியல. கழுத்துகிட்ட ஒரு விலா எக்ஸ்ட்ராவா இருக்கும். நல்ல மனுஷன்."

கன்டோன்மென்ட் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு இருட்டறையில் படம் கழுவும் ஆளாகச் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனவர். மருந்துத் தண்ணீரில் ஊறி நகங்கள் பழுப்பாகிவிட்டன. சட்டையிலிருந்து வரும் ஹைப்போ மருந்து நெடி எத்தனை துவைத்தாலும் போகாது. மனைவி ஜோசஃபின் உயிரோடிருந்தவரை அவர் சட்டைகளை மட்டும் தனிக் கொடியில் காயப்போட்டாள்.

அந்த வேலையில் வாயால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூச்சை நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, விடுங்க. தமிழில், கன்னடத்தில், உருதுவில், இங்கிலீஷில், மலையாள நர்சுகளுக்கு அவர்களே சிரிக்கும்படியான ஒரு மலையாளத்தில் அதைச் சொல்வார். ஈயத்தகடு வைத்த மறைப்புக்குப் பின்னால், சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது அவரும் இழுப்பார், அவரும் பிடிப்பார். மற்றவர்கள் சொன்ன மறுகணமே சுவிட்சை அமுக்கிவிடுவார்கள். பெர்னார்ட் அமுக்க மாட்டார். உள்ளே நிற்பவரின் நெஞ்சு நிஜமாகவே நிறைந்ததா என்று பார்ப்பார். நிறையவில்லையென்றால் காத்திருப்பார். வெளியே வரிசை கத்தும்.

"பெர்னார்ட், எக்ஸ்ரே எடுக்கறியா, கல்யாண போட்டோ எடுக்கறியா?" என்று சூப்பரின்டென்டன்ட் ஒருமுறை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அவரு இன்னும் ரெடி ஆகல சார். மூச்சு அவரோடது. நம்ம அவசரத்துக்கு வருமா?"

மூட்டை தூக்குபவரானாலும் பட்டாளத்துக்காரரானாலும் பெர்னார்டுக்கு எல்லோரும் 'அவரு'தான். எந்த நோயாளியிடமும் அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் அவரும் தங்கை மௌரீனும் மட்டும். மௌரீன் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஜோவிதா வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷின்களைச் சரிபார்ப்பது, டாக்டருக்கு ஊசியும் குழாயும் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. தொம்மலூரில் தனியாக வாடகைக்கு இருந்தாள்.

2001 கோடை மழையில், கோல்ஸ் பார்க் அருகே, தரையில் நனைந்து கிடந்த தூங்குமூஞ்சி மரப் பூக்களில் பெர்னார்டின் ஸ்கூட்டர் வழுக்கியது. கைப்பிடி வலது நெஞ்சில் இடித்தது. எழுந்தார். ஸ்கூட்டரை நிமிர்த்தினார். ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம்.

"விலாதான். மாவுக்கட்டா போடப் போறாங்க? தானா சேரும்" என்று சொல்லிவிட்டார்.

மௌரீன் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, ஒரு முழங்காலை அவர் முதுகில் ஊன்றி, நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஸ்போர்ட்ஸ் டேயில் எத்தனை கணுக்கால், எத்தனை மணிக்கட்டு கட்டியவள்! கட்டியதும் வலி குறைந்தது. இருவருக்கும் திருப்தி. பெர்னார்ட் நாற்காலியை விட்டு எழாமல், இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜோவிதா போன் செய்தாள். அவர் பேச்சு தந்தி மாதிரி இருந்தது. மூன்று வார்த்தை, நிறுத்தம். இரண்டு வார்த்தை, நிறுத்தம். "ஸ்கூட்டர் கொஞ்சம்... வழுக்கிச்சி மா... ஒண்ணுமில்ல." அவள் போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கட்டை அவிழ்த்தாள். வெயில் நேராக நெஞ்சில் விழுந்தது. அவர் மூச்சை இழுத்தார். நெஞ்சு மேலே வந்தது. வலது பக்கத்தில், மார்க்காம்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் உள்ளே போனது. அவர் மூச்சை விட்டார். நெஞ்சு உள்ளே போனது. அந்தத் துண்டு வெளியே வந்தது.

"ஏய், என்னா அது, மீன் மாதிரி?" என்றாள் மௌரீன்.

ஜோவிதா புத்தகத்தில் படித்திருந்தாள். அடுத்தடுத்த விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால் நடுவிலிருக்கும் துண்டு கூட்டிலிருந்து கழன்றுவிடும். நுரையீரல் விரியும்போது உள்ளே உண்டாகும் இழுப்பில் அது உள்ளே போகும். சுருங்கும்போது வெளியே தள்ளப்படும். காரணம் இவ்வளவுதான். அதை ஓர் ஆளின் மேல் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அன்று மதியமே அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் கோவிந்தப்பா வந்து பார்த்தார். சிக்கபள்ளாபுரத்துக்காரர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். வராந்தாவுக்கு ஜோவிதாவைக் கூட்டிப்போனார்.

"விலா கூடிடும். எனக்கு பயம் விலா மேல இல்ல ஜோவிதா. வலிக்குதுன்னு மேலோட்டமா மூச்சு விடறாரு. இருமறதே இல்ல. சளி கீழ தங்கும், ஜுரம் வரும். அப்புறம் தொண்டையில குழாய், வென்டிலேட்டர். இந்த வயசுல, இந்த நெஞ்சுக்கு, அதுல ஏத்தறது ஈஸி. எறக்கறது..." கையை விரித்தார். "அவர் இருமணும். நல்லா இழுத்து மூச்சு விடணும். அவ்ளோதான் வேணும் நமக்கு."

"மார்ஃபின்?"

"தூங்கிடுவாரு. தூங்கினா மூச்சு இன்னும் சின்னதாகும். பேடா, வேணாம். நரம்பை மட்டும் மரத்துப்போக வெக்கலாம். வலது பக்கம் மட்டும்."

விலாக்களுக்கு ஓடும் நரம்புகள் முதுகெலும்பை விட்டு வெளியே வரும் இடத்தில், எலும்பை ஒட்டினாற்போல் ஒரு சிறு இடைவெளி உண்டு. அங்கே ஊசியைக் கொண்டுபோய், அதன் வழியே நூல் போன்ற குழாயை விட்டு, மருந்தைத் துளித்துளியாக இறக்கினால் ஐந்தாறு நரம்புகள் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தும். ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்துக்கும் தலைக்கும் ஒன்றும் ஆகாது.

பெர்னார்டைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஜோவிதா எதிரே நின்று அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெற்றி அவள் தோளில் இருந்தது. "ஸ்வல்ப, கொஞ்சம் குனிங்க பெர்னார்ட் அவரே, அவ்ளோதான்" என்றார் கோவிந்தப்பா பின்னாலிருந்து. ஊசி எலும்பைத் தொட்டது. கொஞ்சம் பின்வாங்கி, கொஞ்சம் கீழே சாய்ந்து, மறுபடி உள்ளே போனது. கோவிந்தப்பாவின் கட்டைவிரல் சிரிஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்தத்துக்கு எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போனது. அவர் தலையசைத்தார். ஜோவிதா குழாயை நீட்டினாள்.

காத்திருந்தார்கள். பெர்னார்ட் மெல்ல நிமிர்ந்தார். ஒரு முழு மூச்சு இழுத்தார். கண் விரிந்தது.

"ஃபேன் நின்னாதான் இவ்ளோ நேரம் ஓடிட்டிருந்ததே தெரியும் இல்ல? அப்படி இருக்கு மா."

இருமச் சொன்னார்கள். இருமினார். ஒரு கிண்ணம் நிறையச் சளி வந்தது. மௌரீன் கைதட்டினாள். ஜோவிதா ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கம் முழுதும் ஜில்லென்றது. வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே வரை ஜில். அதற்குக் கீழே, கடைசி விலா வரை, ஒன்றுமில்லை. சிரிஞ்ச் பம்ப் ஓடியது.

மறுநாள் காலை படம் எடுக்க எக்ஸ்ரே டெக்னீஷியன் பிரகாஷ் தள்ளுவண்டி மெஷினோடு வந்தான். பெர்னார்டின் முதுகுக்குப் பின்னால் தகட்டைச் செருகினான். "சார், மூச்சு நல்லா இழுங்க. புடிங்க" என்று சொன்ன வேகத்தில் அமுக்கினான்.

படம் வந்தது. கோவிந்தப்பா ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் கோடு கோடாகத் துல்லியம். வலது பக்கக் கீழ்ப் பாதி மட்டும் ஈரவிரலால் துடைத்த மாதிரி கலங்கியிருந்தது.

"அசைஞ்சிட்டீங்க சார்" என்றான் பிரகாஷ்.

பெர்னார்ட் கையை நீட்டிப் படத்தை வாங்கினார். மூலையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். முறிவுகளைப் பார்க்கவில்லை. கலங்கல் தொடங்கும் விளிம்பைப் பார்த்தார்.

"நான் அசையல பிரகாஷ். அவரு ரெடி ஆகறதுக்குள்ள நீ அமுக்கிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோவிதாவும். "மெஷின் பழசு, பெர்னார்ட் அவரே" என்றார் கோவிந்தப்பா. பெர்னார்ட் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். வலது கையை உடுப்புக்குள் விட்டு, மரத்துப்போன இடத்தின்மேல் வைத்துக்கொண்டார். அதன்பிறகு சாப்பிடும்போது தவிர அந்தக் கை வெளியே வரவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளேயிருக்கும் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முதல் நாள் இரண்டு ஏறின. இன்று ஒன்று பாதிவரை வந்து விழுந்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே.

"வலிக்குதா டாடி?"

"துளி கூட இல்ல மா."

ஜோவிதா குழாய் நழுவியதா என்று பார்த்தாள். இல்லை. பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடுகிறது. பஞ்சால் தொட்டாள். நேற்றிருந்த அதே எல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அவர் மட்டும் முழு மூச்சு விடாமல் இருந்தார். இழுப்பார், பாதியில் நிற்பார், உதடு அசையும், மெல்ல விடுவார். வாசலில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர் போலிருந்தது முகம்.

மௌரீன் வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்திருந்தாள். "ஏம்ப்பா, வலியே இல்லன்ற. அப்புறம் என்னா நோவு? இழுத்து வுடேன்."

"இரு மௌரீன். அவரு இன்னும் ரெடி ஆகல."

"எவரு?"

"இவரு."

உடுப்புக்குள் இருந்த கையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

"ஓஹோ. உள்ள டெனன்ட் வெச்சிருக்கியா?" என்றாள் மௌரீன். "வாடகை குடுக்கறாரா?"

"சத்தமா பேசாத. கேக்கப் போறாரு."

மௌரீன் சூப் கரண்டியை வைத்தாள். ஜோவிதாவைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து குழந்தை இயேசு கோவில் தீர்த்தத்தை எடுத்தாள். அது எப்போதும் அவள் பையில் இருக்கும். உடுப்பை விலக்கி, விரல் நுனியில் தொட்டு, வலது பக்கத்தில் சிலுவை போட்டாள்.

"தண்ணி பட்டது எனக்குத் தெரியல" என்றார் பெர்னார்ட். "அவருக்குத் தெரிஞ்சது."

ஜோவிதா குனிந்து பார்த்தாள். வலது நெஞ்சில், மரத்துப்போன அந்த எல்லைக்குள் மட்டும், மயிர் குத்திட்டு நின்றது. தோல் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. இடது பக்கம் சாதாரணமாக இருந்தது.

அவளுக்குத் தெரியும், அது நேர்மாறாக இருக்க வேண்டும். அந்த மருந்து வலியை மட்டும் நிறுத்துவதில்லை. வியர்க்க வைக்கும், சிலிர்க்க வைக்கும் நரம்புகளையும் நிறுத்திவிடும். மரத்த தோல் சூடாக, உலர்ந்து, சும்மா கிடக்க வேண்டும். சிலிர்க்கக் கூடாது. பஞ்சை எடுத்தாள். தொட்டாள். "ஜில்லுன்னு இருக்கா?" "இல்ல மா." மறுபடி பார்த்தபோது சிலிர்ப்பு அடங்கியிருந்தது. கேஸ் ஷீட்டில் அவள் அதை எழுதவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது?

மௌரீன் வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்ட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். வார்டு முழுக்க சாம்பார் வாசனை. பெர்னார்ட் மகளின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"சும்மா வெச்சிரு. நான் இழுக்கறேன் பாரு."

இழுத்தார். அவள் உள்ளங்கைக்குக் கீழிருந்த துண்டு அமிழ்ந்து போனது. விட்டார். அது எழுந்து அவள் கையைத் தள்ளியது. சூடாக, அவசரமில்லாமல்.

"நான் இழுக்கும்போது அவரு விடறாரு. நான் விடும்போது இழுக்கறாரு."

"டாடி, அது ப்ரெஷர். நுரையீரல் விரியும்போது உள்ள சக்ஷன் ஆகுது, கழண்ட பீஸ் உள்ள போகுது. அதுக்குப் பேரு..."

"ஃபிளெயில். தெரியும் மா. நான் பார்க்காத படமா?" மூச்சு வாங்கினார். "சரி, அது நானுன்னே வெச்சுக்கோ. நானா இருந்தா எனக்குத் தெரிய வேணாமா? என் கை தெரியுது, கால் தெரியுது. இங்க தொட்டா பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மேல கை பட்ட மாதிரி இருக்கு. ஸாரி சொல்லத் தோணுது."

"மருந்து... மருந்தாலதான் டாடி."

"இருக்கலாம். ஆனா பாரு, நான் நிறுத்தினா அவரும் நிறுத்தறாரு." நிறுத்தினார். அவள் கைக்குக் கீழே அதுவும் நின்றது. கருவியில் எண் இறங்கியது. "கேக்கறாரு பாத்தியா? கொஞ்சம் டைம் குடுத்தா சேர்ந்து வருவாரு. ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்தாதான் இருமல் வரும். அவசரப்படுத்தக் கூடாது."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவருக்குச் சுயநினைவு தெளிவாக இருந்தது. கிழமை கேட்டால் சொன்னார், மருந்தின் பெயர் கேட்டால் சொன்னார். முப்பது வருடம் கண்ணாடி வழியே செய்ததை இப்போதும் செய்துகொண்டிருந்தார். எதிரே இருப்பவர் தயாராகும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்த ஒவ்வொரு நிமிடமும் நுரையீரலின் அடியில் சளி உறைந்துகொண்டிருந்தது.

கோவிந்தப்பாவிடம் சொன்னாள். சிலிர்ப்பைச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"டோஸைப் பாதியாக்குங்க சார். கொஞ்சம் வலி வந்தா தன்னோட நெஞ்சுன்னு தெரியும்."

"வலி வந்தா மூச்சு விட மாட்டாரே?"

"இப்ப மட்டும் விடறாரா?"

குறைத்தார்கள். பிற்பகலில் மழை பிடித்தது. ஓரங்களிலிருந்து வலி வந்தது. முதலில் முதுகுப் பக்கம், பிறகு அக்குளுக்குக் கீழே, கடைசியில் நடுவே. பெர்னார்டின் கை உடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து கட்டில் கம்பியைப் பிடித்தது.

"நான்தான்" என்றார். "ஐயோ... நான்தான் மா. வேற யாருமில்ல."

இருமச் சொன்னாள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முயன்றார். பாதியில் வாய் திறந்தபடி நின்றுபோனது. கண்ணில் நீர் தானாக இறங்கியது. மறுபடி முயன்றார். வெறும் காற்று. கருவியில் எண் இன்னும் கீழே போனது. வலியோடு நெஞ்சு அவருடையதாக இருந்தது. அவரால் மூச்சு விட முடியவில்லை. வலி இல்லாமல் மூச்சு விட முடிந்தது. நெஞ்சு வேறொருவருடையதாகி, அவர் காத்திருந்தார். இரண்டில் எதை வைத்துக்கொண்டு இருமுவது?

கோவிந்தப்பா பம்பைப் பழைய அளவுக்கே ஏற்றினார். கூடவே ஒரு ஊசி மருந்தும் குழாயில் தள்ளினார். வலி விலகியது. பெர்னார்டின் முகம் தளர்ந்தது. கை உடுப்புக்குள் போனது.

"வந்துட்டாரு" என்றார், நிம்மதியாகவே.

ஜோவிதா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லு மா. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாரு. கூடவே இருக்கறவன் சொல்லி யாரு கேப்பா? கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து சொல்லணும்."

"என்னா டாடி இது."

"சொல்லிப் பாரேன்."

பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோவிதா எழுந்து நின்றாள். பம்பைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தகப்பன் முகத்தைப் பார்க்காமல், அந்தத் துண்டைப் பார்த்துச் சொன்னாள்.

"மூச்சை நல்லா இழுங்க."

அது நின்றது. அவள் நிச்சயமாகப் பார்த்தாள். ஒரு கணம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. பெர்னார்ட் நீளமாக இழுத்தார். டப்பாவில் ஒரு பந்து ஏறியது. இரண்டாவதும் ஏறியது.

"இருமுங்க."

இருமினார். பழுப்பும் சிவப்புமாக ஒரு சளிக்கட்டி வந்தது.

அன்று பார்வை நேரம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். 'ங்க' போட்டு, மரியாதையாக, பெயர் தெரியாத ஓர் ஆளிடம் பேசுவது போல. பிறகு இரவுத் துணைக்கு இருந்த மௌரீன் முறை எடுத்துக்கொண்டாள். "மிஸ்டர், இழுங்க. ஸ்லோவா. ஸ்கூல் பசங்களே ஒழுங்கா செய்வாங்க, உங்களுக்கு என்னா?" என்று அவள் அதட்டியபோது பெர்னார்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் நல்ல மூச்சுதான். எண் தொண்ணூற்று நான்கைத் தொட்டது. கோவிந்தப்பா வந்து பார்த்து, எதுவும் கேட்காமல், "ஹீகே மாடி, இப்படியே செய்ங்க" என்று போனார்.

விடிந்தபோது காய்ச்சல் இருந்தது.

படம் எடுத்தார்கள். இந்தமுறை கலங்கல் இல்லை. வலது கீழ்ப் பாதி வெள்ளையாக இருந்தது. கைப்பிடி இடித்த அன்றே நுரையீரல் உள்ளுக்குள் கன்றியிருக்கிறது என்றார் கோவிந்தப்பா. கன்றிய நுரையீரல் முதலில் காட்டிக்கொள்ளாது. மூன்றாம் நாள், நான்காம் நாள் நீர் கோத்துக்கொண்டு கனக்கும். யார் என்ன செய்திருந்தாலும் அது வந்திருக்கலாம். "நீங்க ரெண்டு பேரும் செஞ்சதாலதான் இவ்ளோ நேரம் தள்ளிப்போச்சு" என்றார்.

முற்பகலுக்குள் பெர்னார்ட் கழுத்துத் தசைகளால் மூச்சு விட ஆரம்பித்தார். உதடு நீலமாகத் தெரிந்தது. வலது கை மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

ஐ.சி.யுவில் வென்டிலேட்டரை ஜோவிதாவே தயார் செய்தாள். வேறு ஆள் செய்கிறேன் என்றான். வேண்டாம் என்றாள். குழாய்களைப் பொருத்தினாள், கசிவு பார்த்தாள். நுரையீரலுக்குப் பதில் ஒரு ரப்பர் பையை மாட்டி ஓடவிட்டுச் சரிபார்த்தாள். பை விரிந்து சுருங்கியது. மெஷினில் குறையில்லை.

கோவிந்தப்பா குனிந்து பெர்னார்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். தூங்க வைப்போம், தொண்டை வழியாக ஒரு குழாய், மெஷின் மூச்சு விடும், நுரையீரல் தேறியதும் எடுத்துவிடலாம். பெர்னார்ட் கேட்டுக்கொண்டார். ஆக்சிஜன் மாஸ்கை விலக்கச் சொல்லி மகளைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துதானே?"

"ஆமா டாடி. ரெண்டு பேருக்கும்."

"அவருகிட்ட சொல்லிட்டியா?"

அவள் குனிந்தாள். "தூங்க வெக்கப் போறோம். வலிக்காது" என்றாள், அவர் வலது பக்கத்தைப் பார்த்து.

"சரி மா" என்றார் பெர்னார்ட்.

மருந்து போனது. கண் மூடியது. கோவிந்தப்பா குழாயை இறக்கினார், ஜோவிதா மெஷினோடு இணைத்தாள். முதல் மூச்சை மெஷின் தள்ளியது.

நெஞ்சு எழுந்தது. முழு நெஞ்சும். இடதும் வலதும், அந்தத் துண்டும், ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் தாழ்ந்தன. மெஷின் காற்றை இழுப்பதில்லை, உள்ளேயிருந்து தள்ளுகிறது. அதனால் கழன்ற துண்டும் மற்றவற்றோடு சேர்ந்தே எழும். பாடத்தில் உள்ளதுதான். கோவிந்தப்பாவே "நோடு, பாரு எவ்ளோ அழகா போகுது" என்றார். அவர் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

ஜோவிதா கையுறையைக் கழற்றினாள். தகப்பனின் வலது கையை எடுத்து மெத்தைமேல் வைத்தாள். அது இருந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

ஒரேயொரு மூச்சாவது முன்போல் மாறி வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே மதிய வெயில் அடித்தது. மௌரீன் வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"என்னா பாக்கற?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. சரியா இருக்கு."

கையை எடுக்கவில்லை. சூடாகத்தான் இருந்தது. பதில் மட்டும் வரவில்லை.